பத்து டிஸ்க், ஒரு மோட்டர், ஒரு டெலிபோன் லைன்

இரண்டு மணி நேரம்தான். மூன்று ஆகும் என்று உங்களிடம் சொன்னவர் கம்பாரில் சாப்பிட இறங்கியிருப்பார். ஈப்போவிலிருந்து சிலிம் ரிவருக்குப் பழைய ரோட்டில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். எழுபது சிசி மோட்டர் சைக்கிளில் மணிக்கு ஐம்பது என்று பிடித்தால் கணக்கு நேராக வந்துவிடும். இதை மேப்பைப் பார்த்துச் சொல்லவில்லை. 1986-இல் தோட்டங்களுக்கும் ஈப்போவுக்கும் நடுவே ஓடுவதுதான் என் வேலை. அந்த இரண்டு மணி நேரத்தை நம்பி அந்த வேலையையே ஒரு நாள் பந்தயத்தில் வைத்தேன். நீங்கள் கேட்டது ரோட்டைப் பற்றி மட்டும்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்த ரோட்டில் எதையாவது தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும்.

நான் ஆறாம் படிவத்தை, யுனிவர்சிட்டிக்கு முந்தின படிப்பை, பாதியில் விட்டவன். உட்கார முடியாது, அவ்வளவுதான் காரணம். ஈப்போவில் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் தம்பிராஜா என்பவர் கம்ப்யூட்டர் ஆபீஸ் நடத்தினார். யாழ்ப்பாணக் குடும்பம், கணக்காளர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ரப்பர்த் தோட்டத்து ஆபீசுகளில் யார் எத்தனை நாள் பால் வெட்டினார்கள் என்ற கணக்கை டிஸ்க்கில் ஏற்றுவார்கள். நான் போய் டிஸ்க்கை வாங்கி வருவேன், சம்பளச் சீட்டு ஈப்போவில் அச்சாகும். மோட்டர் ஆபீசுடையது. வேலை போனால் அதுவும் போகும். அதற்கப்புறம் எனக்கு என்ன காத்திருந்தது என்பதும் தெரியும்: பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை. அப்பா யார் யாரையோ பார்த்து இண்டர்வியூ வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அரசாங்க உத்தியோகம், பென்ஷன், ஒரே வார்டு, முப்பது வருஷம். நல்ல வேலைதான், எனக்கு ஆகாத வேலை.

அந்த நேரம் பார்த்து மோடம் வந்தது. கொண்டுவந்தது சுகந்தி அக்கா. ஈப்போவிலேயே புந்தோங் பக்கத்துப் பெண், ஆபீசில் புரோகிராம் எழுதுகிற ஒரே ஆள், என்னைவிட நாலு வயது பெரியவள். செங்கல் அளவு ஒரு பெட்டி, அதை டெலிபோன் லைனில் மாட்டினால் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கணக்கை அனுப்பிவிடும். தம்பிராஜா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் மோட்டர் சாவியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று மத்தியானமே சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. அப்போதைய டிஸ்க் ஒன்று கையகலம் இருக்கும், வளையும் கறுப்புத் தகடு. அதில் 368,640 எழுத்து அடங்கும். சிலிம் ரிவர் தோட்டத்துக்கு மாதம் பத்து டிஸ்க், ஆக 3,686,400 எழுத்து. மோடம் வினாடிக்கு 120 எழுத்து அனுப்பும். வகுத்தால் 30,720 வினாடி, அதாவது எட்டரை மணி நேரம். நான் அதே பத்தையும் பையில் போட்டுக்கொண்டு 7,200 வினாடியில் வந்துவிடுவேன். வினாடிக்கு 512 எழுத்து. எழுபது சிசி மோட்டர், டெலிபோன் லைனைப் போல நாலு மடங்கு வேகம்.

அட்டையை அக்காவின் மேசையில் வைத்தேன்.

"இதப் பாருங்க. உங்க பெட்டி எம்பின்னாடி நடந்து வருது."

அக்கா பார்க்கக்கூட இல்லை. "எட்டு மணி முப்பத்திரெண்டு நிமிஷம். எனக்குத் தெரியும் லா. ஆனா நான் தூங்குறப்பவும் அது வேலை செய்யும். நீ தூங்கிக்கிட்டே ஓட்டுவியா?"

"மழ இடிக்கு லைன் அறுந்தா?"

"மழ இடிக்கு நீ அறுந்தா?"

தம்பிராஜா நடுவில் வந்தார். "கதைச்சுக் கொண்டிருந்தா முடியாது. ஒரு நாள் ரெண்டும் ஓடட்டும். ஒரே நேரத்தில தொடங்கி, ஆர் முதல்ல பத்தையும் முழுசா என்ர மேசைக்குக் கொண்டுவாறீங்களோ, அதுதான் இனி எல்லாத் தோட்டத்துக்கும்." எந்த நாள் என்று கேட்டோம். "புதுசா ஒண்டு தொடங்கிறதெண்டா விஜயதசமிதானே." மூன்று பேரும் தலையாட்டினோம். எங்களில் ஒருவருக்குக்கூட விஜயதசமிக்கு முந்தின நாள் என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை.

விஜயதசமி காலையில் ஆறரைக்கு ஈப்போவை விட்டேன். ரோட்டைக் கேட்டீர்களே, இதுதான் ரோடு. சிம்பாங் பூலாய் வரைக்கும் இடது பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், கல் லாரிகள், பல்லில் ஒட்டும் தூசி. இப்போது கேமரன் மலைக்குத் திரும்புகிற சந்திப்பு அது, அப்போது நேராகத்தான் போக வேண்டும். கோப்பெங் தாண்டினால் ஈயம் எடுத்துவிட்டுப் போன குளங்கள், கம்பார் வரைக்கும் விடாது. கம்பாரில் ஒரு தே தாரிக், நுரைக்க ஆற்றிய டீ, நாற்பது காசு. தாப்பா, பீடோர், சுங்கை. சுங்கைக்கு அப்புறம் ரோட்டின் இரு பக்கமும் ரப்பர், நடுநடுவே ரப்பரை வெட்டிவிட்டுப் எண்ணெய்க்காகப் புதிதாக வைத்த செம்பனை. எட்டே முக்காலுக்குத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றேன்.

ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழைக்கன்று, ஜன்னல் கம்பியில் மாவிலை. முந்தின நாள் ஆயுத பூசை. பால் வெட்டும் கத்தி, வாளி, தராசு, டைப்ரைட்டர், கம்ப்யூட்டர், மோடம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மோடம் பெட்டிக்கு மேல் ஒரு செவ்வந்தி. தோட்டத்தின் தலைமைக் கணக்கர் கோவிந்தன், எல்லாருக்கும் பெரிய கிராணி, டிஸ்க் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"நேத்தே காப்பி எடுத்து சாமி காலடில வெச்சிட்டேன் தம்பி. ராத்திரி பூரா அங்கதான் இருந்துச்சு. ஒனக்குக் கொற வராது."

பெட்டியைப் பைக்குள் போட்டேன். சுகந்தி அக்கா போன வாரமே வந்து மோடத்தை மாட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்பது அடித்ததும் கிராணி ஒரு கீயைத் தட்டினார். பெட்டி கீச்சென்று கத்தியது. நான் மோட்டரை உதைத்தேன்.

சரியாகப் பதினொன்றுக்கு மாடிப்படியை மூன்று மூன்றாக ஏறினேன். எங்கேயும் நிற்கவில்லை, கம்பாரில் கூட. அக்காவின் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்தான் வந்துகொண்டிருந்தது. தம்பிராஜா மேசைமேல் பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அப்பாவிடம் இண்டர்வியூவுக்கு வரவில்லை என்று எந்த வார்த்தையில் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அக்கா முதல் டிஸ்க்கைக் காகித உறையிலிருந்து உருவினாள். உருவியவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த டிஸ்க்கில் ஒரு பக்கம் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் தகட்டை மெஷின் அந்த வழியாகத்தான் தொட்டுப் படிக்கும். விரல்கூடப் படக்கூடாத இடம். அந்த இடத்தில் காய்ந்துபோன சந்தனம், வட்டமாக, அதன் நடுவில் குங்குமம். இரண்டாவதை உருவினாள். அதிலும். பத்திலும், ஒன்று விடாமல், ஒரே மாதிரி, அழகாக.

"உள்ள விட்டுப் பாருங்கக்கா."

"விட்டா டிஸ்க் மட்டும் போகாது, ட்ரைவும் சேந்து சாமிகிட்ட போயிரும்."

"தொடச்சிட்டு?"

"ஒறைய வெட்டி எடுத்துக் கழுவலாம். பத்தையும் கழுவிக் காயவெச்சி, படிக்குமா படிக்காதான்னு யாரு சொல்றது?"

தம்பிராஜா ஒரு டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை. ஆயுத பூசைக்கு ஆபீசில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்ததைச் சொன்னேன். "கிராணி பக்தியா வச்சிருக்கிறார்," என்றார் என்னைப் பார்த்து. "ஆனா ரவி, மோடத்துக்கும் பொட்டு வச்சவராம். அது ஓடுது."

அந்த ஒரு வார்த்தையில் பத்து காஜா எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கிராணிக்குப் போன் போட்டு வேறு காப்பி எடுத்து வைக்கச் சொல்லலாம் என்றால் தோட்டத்துக்கு ஒரே லைன், அதில் மோடம் உட்கார்ந்திருக்கிறது. நின்றுகொண்டே மறுபடி கணக்குப் போட்டேன். இப்போது கிளம்பினால் ஒன்றேகாலுக்கு அங்கே. டிஸ்க் காப்பிக்கு இருபது நிமிடம். மூன்றே முக்காலுக்குள் திரும்பலாம். மோடம் எப்படியும் ஐந்தரைக்கு முன்னால் முடியாது. ஒரு தடவை முழுசாகத் தோற்றுவிட்டு, இன்னொரு தடவை போய்வந்தாலும் மோட்டர்தான் ஜெயிக்கும். சாவியை எடுத்தேன்.

"எங்க போற?" என்றாள் அக்கா.

"ஒரு தம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாரேன், சிலிம் ரிவர்ல."

ஒன்றேகாலுக்குப் பெரிய கிராணி என்னைப் பார்த்து வாயைத் திறந்தவர் மூடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஒவ்வொண்ணுக்கும் நெத்தி மாதிரி ஒரு எடம் இருந்துச்சு தம்பி. அதான் அங்க வெச்சேன்."

நான் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். பூட்டிய அலமாரியில் புது டிஸ்க் இருந்தது. அதற்கு வெளிப்பெட்டியில்தான் பொட்டு. எடுங்க, காப்பி போடலாம் என்றேன். கிராணி கம்ப்யூட்டரைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மெஷின் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். அது அனுப்பிக்கொண்டிருக்கிறது. எனக்குக் காப்பி வேண்டுமானால் மோடத்தை அறுக்க வேண்டும்.

"நிறுத்தவா?" என்றார் கிராணி. கை கீபோர்டுக்கு மேல் நின்றது. "அந்தப் புள்ள முடியிற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. நீ சொன்னா நிறுத்துறேன்."

நிறுத்தினால் நான் ஜெயிப்பேன். அவளுடையதைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஜெயிப்பது. நிறுத்தாவிட்டால் ஆஸ்பத்திரி. கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு, நாலு கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போய்ப் பொதுப் போனிலிருந்து ஈப்போ ஆபீசுக்குக் கீழே இருக்கிற காப்பிக்கடைக்கு அடித்தேன். கடை முதலாளி தவுக்கே எடுத்தார், அவர் பேச்சு பாதி மலாய், பாதி தமிழ்.

"சுகந்தியா? துங்கு, கொஞ்சம் இரு. நான் கூப்பிடு." ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குக் கத்தினார். காசு போட்டுக்கொண்டே நின்றேன்.

"என்னடா?"

"அக்கா, மெஷின நிறுத்தணும். இல்லன்னா காப்பி எடுக்க முடியாது."

"இங்க நாலு முழுசா வந்திருச்சு. அஞ்சாவது பாதிக்கு மேல. காலைல லைன்ல ஒரே எரைச்சல், திரும்பத் திரும்ப அனுப்புது. இந்த வேகத்துல ஆறரை தாண்டிரும்."

"பாஸ் அஞ்சு மணிக்குக் கதவ சாத்திருவாரு."

"தெரியும். பத்தையும் எடுத்துட்டு வந்தா நீ ஜெயிச்ச. மிச்சம் அஞ்ச மட்டும் எடுத்துட்டு வந்தா யாரும் ஜெயிக்கல. ஒன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பத்து காசு விழுகிற சத்தத்தில் யோசித்தேன். பத்தையும் கொண்டுபோனால், மோடத்தை நடுவில் நிறுத்தியதால் வந்த வெற்றி என்பார் தம்பிராஜா. இன்னொரு பந்தயம் வைப்பார். அதுவரைக்கும் அவர் கண்ணில் நிற்கப்போவது பத்துப் பொட்டுதான். அவருக்கு இன்றைக்கு ஐந்து மணிக்குள் மேசையில் முழுக் கணக்கு வேண்டும். காப்பி எடுக்கவும் அங்கே உள்ளே விட்டுப் படிக்கவும் பத்துக்கு ஆகிற நேரத்தில் ஐந்துக்குப் பாதிதான், அதனால் அந்த வழிதான் சரி.

"அஞ்சாவது முடியட்டும்," என்றேன். "அப்புறம் நிறுத்துங்க. மிச்சத்த நான் கொண்டு வாரேன்."

"சரி," என்றாள். "ஓட்டறப்போ ரோட்டப் பாரு. கணக்கு போடாத."

திரும்பி வந்தபோது ஐந்தாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஐந்து டன் லாரியில் ரப்பர் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த லாரி நெறைய டிஸ்க் ஏத்தினா?"

எனக்கும் கை அரித்தது. உறையோடு ஒரு டிஸ்க் இருபது கிராம் என்று வைத்தேன். ஐந்து டன்னுக்கு இரண்டரை லட்சம் டிஸ்க். லாரி மூன்று மணி நேரத்தில் ஈப்போ போய்விடும். அதையே இந்த லைனில் அனுப்பினால் இருபத்து நாலு வருஷம்.

"நான் ரிட்டையராயிருவேன்," என்றார் கிராணி. கொஞ்சம் யோசித்தார். "சரி, அத்தனையும் யாரு காப்பி எடுக்கிறது?"

டிஸ்க்குக்கு இரண்டு நிமிடம், இரண்டரை லட்சம். தூங்காமல் எடுத்தால் ஏறக்குறைய ஒரு வருஷம். லாரியின் மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ஒரு வருஷம் நிற்கிறது. நான் என் சிகரெட் அட்டையில் ரோட்டை மட்டும் எழுதியிருந்தேன், இரண்டு முனையையும் எழுதவில்லை.

"பொட்டு வைக்கிற நேரத்த இன்னும் சேக்கல," என்றார் கிராணி. முதல் தடவையாகச் சிரித்தார்.

இரண்டு மணிக்கு ஐந்து டிஸ்க்கோடு கிளம்பினேன். தாப்பாவுக்கு முன்னால் மழை பிடித்தது. பேராக்கில் மத்தியான மழை சொல்லிவிட்டு வராது. டிஸ்க்கை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி சட்டைக்குள் வைத்துக்கொண்டு, லாரிகளுக்குப் பின்னால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தேன். நாலேகாலுக்கு மாடி ஏறினேன். அக்கா ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். போனில் வந்த ஐந்து, மோட்டரில் வந்த ஐந்து. மொத்தத்தைக் கூட்டினாள். தோட்டத்துக் கணக்கோடு சரியாக நின்றது. மணி நாலு நாற்பது.

"அப்ப ஆர் வென்றது?" என்றார் தம்பிராஜா.

"ரெண்டு பேரும் தோத்துட்டோம்," என்றாள் அக்கா. "கணக்கு மட்டும் வந்திருச்சு. ரெண்டு டிஸ்க் வரைக்கும் போன்தான் வேகம், மூணுல இருந்து மோட்டர். மாசக் கணக்க இவன் கொண்டு வரட்டும். நடுவுல திருத்தம் வந்தா லைன்ல வரட்டும்."

தம்பிராஜா சாவியை என் பக்கம் தள்ளினார். "ஓம். ரெண்டும் இருக்கட்டும்."

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்காது. இதைவிட வேகமான மோடம் வருமா என்று அக்காவிடம் கேட்டேன். வரும் என்றாள். எட்டு மடங்கு வேகத்தில், வினாடிக்கு 960 எழுத்து, 9600 என்று பெயர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மனசுக்குள் வகுத்தோம். பத்து டிஸ்க், அறுபத்து நாலு நிமிடம். எனக்குப் பாதி.

"எப்ப வரும்?"

"இந்தப் பக்கம் வர ரெண்டு, மூணு வருஷம் ஆகும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் இண்டர்வியூவுக்குப் போகவில்லை என்று சொன்னேன். அவர் கையை உதறிவிட்டுக் கேட்டார். "இந்த வேல எத்தன நாளைக்கு?"

"9600 வர்ற வரைக்கும்."

"அது எந்த மாசம்?"

தெரியாதுப்பா என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

நீங்கள் ஹார்ட் டிஸ்க்கோடு போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சில விஷயம். பழைய ரோட்டில் காலை ஏழுக்குள் ஈப்போவைத் தாண்டிவிடுங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கம்பாருக்குள் நுழையாதீர்கள். மூன்று மணிக்கு மேல் மழைக்கோட்டு இல்லாமல் தாப்பா பக்கம் போகவே போகாதீர்கள். ஒரு முழு டேங்க் போக வர போதும். டிஸ்க்கை உடம்போடு வையுங்கள், பின்சீட்டில் கட்ட வேண்டாம். கிளம்புகிற இடத்திலேயே திறந்து, படிக்கிறதா என்று பாருங்கள், கொடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். காப்பி எடுக்கிற நேரத்தையும் இறக்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்கப்புறமும் ரோடு ஜெயித்தால் ரோட்டில் போங்கள்.

9600 வந்தது. அதற்கப்புறம் அதைவிடப் பெரியதெல்லாம் வந்தது. ஒவ்வொரு தடவையும் முடிந்தது என்று நினைத்தேன், ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் அதைவிடப் பெரிதாக எதையாவது டிஸ்க்கில் நிரப்பிக்கொண்டு வந்து நின்றார்கள். இன்றைக்கு எட்டு டெராபைட் கல்யாண வீடியோ, ஈப்போவிலிருந்து பினாங்குக்கு. என் வீட்டு லைனில் வினாடிக்கு நூறு மெகாபிட் ஏறும், ஏழரை நாள் ஆகும். மோட்டரில் இரண்டேகால் மணி நேரம். அந்தக் கல்யாண மாப்பிள்ளையின் தம்பி கீழே ஹாரன் அடிக்கிறான், நான் கிளம்ப வேண்டும்.